எதிர்ச்சுற்று

எதை நிமிர்த்தினாலும் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்க, ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் முறுக்குக்காரத் தெருவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு நாயின் வால், யாரும் மட்டை வைத்துக் கட்டாமல், யாரும் தொடக்கூட இல்லாமல், தானாக நிமிர்ந்து நின்றது. அது ஏன் நிமிர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் வினோதினியின் தலைமுடியைச் சொல்ல வேண்டும். வினோதினியின் தலைமுடியைச் சொல்ல வேண்டுமானால், அவள் அம்மா மங்களத்தின் பூஜை அலமாரியில், சமயபுரத்து ஆத்தா படத்துக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சம்படத்தை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் கைமுறுக்கு சுற்றாத வீடு கிடையாது. ஈரத் துணியை விரித்து, மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கி முறுக்கி வட்டமாக விட்டுக்கொண்டே வந்தால் அவரவர் கைக்கு ஒரு சுற்று விழும், கையெழுத்து மாதிரி. என்னுடையது கொஞ்சம் தொளதொளப்பு, மங்களத்துடையது இறுக்கம், தட்டைப் பார்த்தே இது இன்னார் வீட்டுச் சரக்கு என்று வியாபாரி சொல்லிவிடுவார். எல்லாருடைய சுற்றும் கோயிலை வலம் வருகிற மாதிரி வலப்பக்கமாகத்தான் போகும். மங்களத்தின் வீட்டுக்காரர் சோலைமுத்துவின் சுற்று மட்டும் இடப்பக்கமாகப் போகும். அவர் பிறவியிலேயே ஒரட்டாங்கைக்காரர். இடது கையால் தின்பண்டம் தொட்டால் எவன் வாங்குவான் என்று பெற்றவர்கள் சின்ன வயதிலேயே அடித்து வலது கைக்குப் பழக்கிவிட்டார்கள், கை மாறியதே தவிர சுற்று மாறவில்லை, அந்த வலது கை இடது கையின் புத்தியோடு எதிர்ப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு எதிர்ச்சுற்று என்று பேர் வைத்தோம். சாமிக்குப் படைக்க மட்டும் அவர் தட்டிலிருந்து எடுக்க மாட்டோம். மற்றபடி ரயிலில் போகிறவர்களுக்கு முறுக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன, கடித்தால் நொறுங்கினால் சரி.

அவர் ஒரு நாள் காலையில், மாவு பாதி இருக்கும்போதே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துணி மேலேயே சாய்ந்துவிட்டார். கடைசியாக அவர் சுற்றிய முறுக்கு அப்போது எண்ணெயில் கிடந்தது. எல்லாரும் அவரைத் தூக்க ஓட, மங்களம் ஒரு நொடி நின்று கரண்டியால் அதை எடுத்து வடிதட்டில் போட்டுவிட்டுத்தான் ஓடினாள்; சட்டியில் கிடப்பதைக் கருக விடக் கூடாது என்பது எங்கள் கைகளுக்கு அப்படிப் பழகியிருக்கிறது. அந்த ஒரு முறுக்கைத்தான் அவள் சம்படத்தில் போட்டு வைத்திருந்தாள். எண்ணெய் சிக்கு வாடை அடித்ததே தவிர அது உடையவில்லை, எறும்பும் அண்டவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவாள். "போட்டோல இருக்கிற சிரிப்பு போட்டோக்காரனுக்குச் சிரிச்சதுக்கா. இதுதான் அவரு கை" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். நான் எதிர்வீட்டுக்காரி, எனக்கும் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இப்படித்தான் போகும்.

வினோதினிக்குப் பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி. மங்களத்தின் வகையில் எல்லாருக்கும் கோரை முடி, விட்டால் வழுக்கிக்கொண்டு விழும். சோலைமுத்துவுக்கோ வருஷாவருஷம் சமயபுரத்தில் மொட்டை, மிச்ச நாளெல்லாம் ஒட்ட வெட்டு, அவர் தலையில் அருகம்புல் உயரத்துக்கு மேல் முடியை யாரும் பார்த்ததில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் தெருவே அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்தது: பரட்டை, குருவிக்கூடு, பாத்திரம் தேய்க்கிற நார். சுருட்டை முடி சோறு போடும் என்று நான் பழமொழியைச் சொல்லித் தேற்றினால், "சோத்த நாங்களே போட்டுக்கிறோம், சிக்க யாருக்கா எடுக்கிறது" என்பாள் மங்களம். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றின ஈரத்தோடேயே மகளை முழங்காலுக்கு நடுவில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய பல் சீப்பு, சின்னப் பல் சீப்பு, ஈரோலி என்று வரிசையாக இழுத்து, அது காய்ந்து தன் பாட்டுக்கு எழுந்திருப்பதற்கு முன்னால் இறுக்கிப் பின்னிவிடுவாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார மாட்டாள்; விரித்த தலை சாவு வீட்டுக்குரியது, தலைவிரி கோலம் வீட்டுக்கு ஆகாது. அதனால் அந்தப் பெண்ணின் முடியை அதன் இஷ்டத்துக்குக் காய விட்டால் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது.

சோலைமுத்துவின் தங்கை, அதாவது வினோதினியின் அத்தை, துறையூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்துச் சொன்னாள். நல்ல இடம். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, பொண்ணு லட்சணமாகத்தான் இருக்கிறாள், தலை மட்டும் கொஞ்சம் படிந்திருந்தால் தேவலை என்றாளாம். அந்த ஒரு சொல்லுக்காக, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால், சனிக்கிழமை காலை மங்களம் மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சியில் ஒரு பார்லருக்குப் புறப்பட்டாள், துணைக்கு நானும் போனேன்.

பார்லரில் ஜெபமலர் என்று ஒரு பெண் இருந்தாள், திண்டுக்கல்காரி, மெதுவாகப் பேசுவாள். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன வகை முடி என்று தெரியுமா என்று கேட்டாள். "சுருட்டை. வேற என்ன வகை" என்றாள் மங்களம். சுருட்டையிலேயே நிறைய இருக்கிறது என்று ஜெபமலர் சொன்னாள். கடல் மாதிரி அலையடிக்கிறது ஒன்று, மோதிரம் மோதிரமாக விழுவது ஒன்று, பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி ஒன்று, ஒரே தலையிலேயே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருக்கும், எது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது. "ஒரு தடவ தலைக்கு ஊத்திட்டு, சீப்பு போடாம, எண்ணெ தொடாம, சும்மா காய விட்டு வாங்கக்கா. அது எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க. அப்புறம் நேராக்கணுமா வேண்டாமான்னு பேசுவோம்" என்றாள். மங்களம் சிரித்துவிட்டாள். நாளைக்கு மாப்பிள்ளை வீடு வருகிறது, நீ காய விட்டு வா என்கிறாயே என்றாள். வினோதினி கண்ணாடியில் தன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமலர் தலையைக் கழுவி, மருந்து பூசுவதற்கு முன்னால், காதுக்குப் பின்னால் ஈரத்தோடு தானாகச் சுருண்டு எழும்பின முடியை விரலில் எடுத்து, "பாருங்கக்கா, இது இப்படித் திரும்புது" என்று காட்டினாள். மங்களம் அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று.

ஜெபமலர் சூட்டுக் கருவியால் கடைசி இழையை இழுத்து விட்ட அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் எல்லாம் நிமிர்ந்தது. நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, முதலில் நாய் வாலைப் பார்த்துவிட்டு நடந்தோம். வீட்டுக்கு வீடு துணியில் சுற்றி வைத்த முறுக்கெல்லாம் தூக்கம் கலைந்த பாம்பு போல நிமிர்ந்து நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தன. என் வீட்டுப் பாகல் கொடி, பிடித்திருந்த பந்தலை விட்டுவிட்டுத் தரையில் கிடந்தது, அதன் சுருள் கம்பிகளெல்லாம் ஊசி போல நேராக நீட்டியிருந்தன. கொசுவர்த்திச் சுருள் நீளக் குச்சியாகி ஊதுபத்தி ஸ்டாண்டில் எரிந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற குருசாமி அண்ணனின் முறுக்கு மீசை, வைக்கோல் போல இரண்டு பக்கமும் தொங்க, அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனவர்தான். தெருமுனைப் பிள்ளையாரின் தும்பிக்கை நேராகக் கீழே தொங்கியது, கையில் இருந்த கொழுக்கட்டை அவருக்கு எட்டவில்லை.

யாரும் வினோதினியைக் குறை சொல்லவில்லை. அவள் தலையைப் பார்த்தார்கள், தெருவைப் பார்த்தார்கள், இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள், அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நிமிர்ந்த முறுக்கை அப்படியே பொரித்து நேர்முறுக்கு என்று பேர் வைத்து ரயிலில் விற்றார்கள். பொட்டலம் கட்டச் சுலபமாக இருக்கிறது, நொறுங்கவில்லை என்று வியாபாரிகள் சந்தோஷப்பட்டார்கள். பாகல் கொடியை நான் நூலால் கட்டிவிட்டேன். பூசாரி பிள்ளையாரின் காலடியில் ஒரு தட்டை வைத்து, தும்பிக்கை தொடுகிற இடத்தில் கொழுக்கட்டையைப் போட்டார், சாமியே பொறுத்துக்கொண்டு குனிந்து சாப்பிடும்போது நாம் என்ன சொல்ல என்று நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சுழி மூன்று சுழி எதுவும் எழுத வரவில்லை, மனமும் மணமும் ஒன்றாகிப் போனது, வாத்தியார் சலித்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே மார்க் போட்டார். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். வலிக்காத மாதிரி பழகிக்கொள்வார்கள், அதுதான் அந்தப் பெண்ணுக்கு வலித்தது.

மங்களம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பூஜை அலமாரியைத்தான் திறந்தாள். சம்படத்தின் மூடி தள்ளிக் கிடந்தது. சோலைமுத்து சுற்றிய முறுக்கு, சுற்றெல்லாம் அவிழ்ந்து, ஒரே கோலாக நீட்டிக்கொண்டு ஆத்தா படத்தின் மேல் சாய்ந்து நின்றது. அது எந்தப் பக்கம் சுற்றியிருந்தது, எத்தனை இறுக்கமாகச் சுற்றியிருந்தது, நடுவில் எங்கே அவர் விரல் அழுத்தியிருந்தது, எதுவும் அதில் இல்லை. கோலுக்கு வலம் ஏது, இடம் ஏது. அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றி, உடையாமல் அலமாரியில் படுக்க வைத்தாள். நான் கூடவே நின்றேன். "திரும்ப வந்திரும்லக்கா" என்றாள். வரும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நேர்முறுக்கைத் தின்றார்கள், மாப்பிள்ளையின் அம்மா வினோதினியின் படிந்த தலையைத் தடவிப் பார்த்து மனசு குளிர்ந்து, தள்ளிப் போட வேண்டாம், இப்போதே உறுதி எழுதிக்கொள்வோம் என்றாள். வினோதினியின் அத்தை வீட்டுக்காரர் மஞ்சள் தடவின தாளில் பேனாவை வைத்தார். பிள்ளையார் சுழி போடாமல் எங்களில் யாரும் ஒரு சொல் எழுத மாட்டோம். பேனா சுழியவில்லை. ஒரு கோடு விழுந்தது. அடுத்த தாளில் போட்டார், அதிலும் கோடு. மாப்பிள்ளையின் அப்பா வாங்கிப் போட்டார், கோடுதான். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"பிள்ளையாரே வளைஞ்சு குடுக்கல, நாம எப்படிங்க குடுக்கிறது" என்றாள்.

அவர்கள் போன பிறகு அத்தை அழுதாள். வினோதினி அழவில்லை. போனவர்களை விட்டுவிட்டு அவள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா பூஜை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் நாங்கள் ஜெபமலரிடம் போனோம். தெருக்காரர்கள் சொல்லியனுப்பியபடி, சூட்டுக் கம்பியில் முடியைச் சுற்றிச் சுருள் வைக்கச் சொல்லிப் பார்த்தோம். அன்று மத்தியானம் முறுக்குகள் சுருண்டனவாம், ஆனால் எல்லாம் ஒரே அளவாக, ஒரே சுற்றாக, யார் கை என்றே தெரியாத மாதிரி. நாய் வால் பாதி வளைந்து, தனக்கே சந்தேகம் வந்தது போல ஆடியதாம். சாயங்காலம் வேர்த்ததும் தலையும் நிமிர்ந்தது, தெருவும் நிமிர்ந்தது. நேராக்கினது நேராகத்தான் இருக்கும், வேரிலிருந்து புதிதாக வருகிறதுதான் அதன் சொந்த முடி, அது வளர்ந்த பிறகு நேரானதை வெட்டிவிடலாம், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்று ஜெபமலர் சொன்னாள். அவள் அன்றைக்குச் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மங்களத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மங்களம்தான் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டே, ஒன்றுமில்லாதது போலக் கேட்டாள். "அன்னிக்கு கழுவினப்ப என்னமோ காட்டினியே. அது எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு?"

"இடப்பக்கம்க்கா" என்றாள் ஜெபமலர். "காதுக்குப் பின்னால ஏழெட்டுச் சுத்து, இறுக்கமா, எல்லாம் இடப்பக்கம். அப்படி நான் அதிகம் பாத்ததில்ல. அதான் கூப்பிட்டுக் காட்டினேன்."

பஸ்ஸில் ஊர் வரும் வரைக்கும் மங்களம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடத்துக்கு முன்னால்தான் வாயைத் திறந்தாள். "அவரு போன அன்னிக்கு இவ தலைக்கு ஊத்திட்டு, விரிச்சுப் போட்டுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருந்தா. யாரும் சீப்பத் தொடல. தானாத்தான் காஞ்சிருக்கும். நீங்க யாராச்சும் பாத்தீங்களாக்கா?"

நாங்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதோம். அவள் தலை எங்கள் தோளில்தான் கிடந்தது. அழுகிறவளின் தலையில் முடி எப்படிச் சுழன்று காய்கிறது என்று யார் பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு தெருவே காத்திருந்தது. புதுமுடி நகக்கண் அளவு வந்தபோது என் பாகல் கொடியின் நுனி மட்டும் லேசாகக் கொக்கி போட்டது. விரற்கடை வந்தபோது பிள்ளைகள் இரண்டு சுழி எழுதினார்கள், மூன்றாவது வரவில்லை. தலைமுடி வளர்வதை எங்கள் ஊர் விளைச்சலைப் பார்ப்பது போலப் பார்த்தது. வினோதினி தண்ணீர் எடுக்கப் போனால் கிழவர்கள்கூடக் குனிந்து அவள் வகிட்டைப் பார்த்து, வருகிறது, வருகிறது என்று தலையாட்டினார்கள். பரட்டை என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அவளை அம்மா, தாயி என்று கூப்பிட்டன. அவளுக்கு அதில் சந்தோஷமில்லை. "என் தலையப் பாக்குறாங்களா, அவங்க முறுக்கப் பாக்குறாங்களா பெரியம்மா" என்று என்னிடம் கேட்டாள். இரண்டும்தான் என்று சொன்னேன். மங்களமோ வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்தக் கோலின் நுனியில் ஒரு எள்ளளவு வளைவு விழுந்திருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொடியில் வந்தது, எழுத்தில் வந்தது, கோலில் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒன்று தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும், பொரிந்த சாமானைப் பற்றி முறுக்குக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆத்தாவிடம் மட்டும் கேட்டுக்கொண்டோம், ஆளுக்கொரு பக்கமாக.

வெட்டுகிற அன்றைக்கு ஜெபமலரே காலை ரயிலில் வந்தாள், கூலி வேண்டாம், உங்கள் ஊர் முறுக்கு கொடுங்கள் போதும் என்று சொல்லிக்கொண்டு. முற்றத்தில் ஸ்டூல் போட்டு வினோதினியை உட்கார வைத்து, நேரான முடியை நுனி நுனியாக வெட்டினாள். அது சத்தமில்லாமல் விழுந்து சிமெண்டுத் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. கடைசிக் கத்தரிப்பு விழுந்ததும் தெருவெல்லாம் சலசலவென்று ஒரு சத்தம், காற்றில் ஓலை புரளுகிற மாதிரி. துணிகளில் கிடந்த மாவு சுருண்டது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்த வீட்டுக் கையின் சுற்று, என் தொளதொளப்புகூட எனக்குத் திரும்பி வந்தது. கொடி பந்தலைப் பிடித்தது. பிள்ளையார் தும்பிக்கையை மடக்கிக்கொண்டார். குருசாமி அண்ணன் கண்ணாடியோடு வெளியே வந்தார். நாய் தன் வாலைத் திரும்பிப் பார்த்து அதைத் துரத்திக்கொண்டு வட்டமாக ஓடியது, குழந்தைகள் சிரித்தார்கள்.

பூஜை அலமாரியில் சடக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

மங்களம் எழுந்து போகவில்லை. நான் போய்த் துணியை அவிழ்த்தேன். வளைய முடிந்ததெல்லாம் வளைந்துவிட்டது. இதுவும் வளையப் பார்த்திருக்கிறது. துணிக்குள் பொடிதான் இருந்தது, ஓமமும் எள்ளும் கலந்த பழுப்புப் பொடி. சம்படத்தில் கொட்டி மூடிவிட்டு வந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு வினோதினி எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்டாமல், சொட்டச் சொட்ட வந்து, வெயில் விழுகிற இடத்தில் அம்மாவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பழக்கத்தில் மங்களத்தின் கை பக்கத்தில் சீப்பைத் தேடியது.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றாள் மகள். "சும்மா பாரு."

ஈரம் இறங்க இறங்க முடி ஒவ்வொன்றாக எழுந்தது. யாரும் இழுக்காமல், யாரும் படிய வைக்காமல், தனக்குத் தெரிந்த வழியில் அது சுழன்று சுழன்று, காதுக்குப் பின்னால் இறுக்கமாக, நெற்றியோரம் கொஞ்சம் தளர்வாக, அத்தனையும் இடப்பக்கமாக, தலை நிறைய எதிர்ச்சுற்று. அபிஷேகம் பார்க்கிற மாதிரி நாங்கள் சுற்றி நின்றோம். தலைவிரி கோலம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மங்களம் ஒரு விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே ஒரு சுருளின் கூடவே சுற்றினாள். அப்புறம் ஈரத் துணியை இழுத்து, மாவை எடுத்து, மகளின் காதோரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். அது வலமாக வந்தது. கலைத்துவிட்டு மறுபடி சுற்றினாள், வலமாகவே வந்தது. அவள் கைக்கு அது வராது. ஒரு கைக்கு வந்தது, அந்தக் கை போய்விட்டது. இப்போது அது இந்தத் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் சம்படத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வினோதினி தலைக்கு ஊற்றிவிட்டு முற்றத்தில் வந்து உட்காருகிறாள், அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், வேலை கிடக்கிறது, அடுப்பில் எண்ணெய் காய்கிறது, அவள் எழுந்திருப்பதில்லை. வெயில் ஏறி, முடி பஞ்சு போலக் காய்ந்து நிற்பதைப் பார்த்து, "காஞ்சுபோச்சே மங்களம், எடுத்துக் கட்டலாமே" என்று நான் எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுத்தால், அவள் கண்ணை எடுக்காமல் பதில் சொல்லுகிறாள்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குக்கா."